ஒரு வேட்டி போன வழி

தாமிரபரணியில், பாபநாசம் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வேட்டியை அவிழ்ப்பதா வேண்டாமா என்று அம்மாவோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அப்பா போய் ஒரு வருஷம் கழிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. பிண்டம் கரைத்தாயிற்று, எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று. மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, கட்டியிருக்கிற துணியை ஆற்றோடு விட்டுக் கரையேறுங்கள் என்று சொல்லிவிட்டு, சடங்கு செய்து வைத்தவர் அடுத்த குடும்பத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

"அதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கலம்மா."

"எய்யா, எல்லாரும் விடுதாங்கல்லா? உனக்கு மட்டும் என்ன? அப்பா காரியத்துல வம்பு பண்ணாத, விட்டுட்டு வா."

விட்டேன். உள்ளே டவுசர் போட்டிருந்தேன், அந்தக் கவலை வேண்டாம். நாலு முழ வேட்டி தண்ணீரில் விரிந்து, பொரி தின்ன வந்த மீன் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, பத்தடி தள்ளி ஒரு பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே ரோஸ் கலரில் ஒரு சேலை, ஒரு பனியன், ஏதோ குழந்தையின் கவுன். நான் கரையேறித் தலை துவட்டும்போதும் அது அங்கேயேதான் ஆடிக்கொண்டிருந்தது. என் பாவத்தைக் கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிற அவசரம் எதுவும் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரி விக்கிரமசிங்கபுரத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் சித்தி மகனின் பைக்கை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். முந்தின நாள் கூட்டம் போட்டுவிட்டுப் போனதை ஒரு அண்ணாச்சி கொக்கி கட்டிய கம்பால் இழுத்துக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன். ஈரத் துணிதானே என்று ஒரு சேலையைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. மடிப்பு மடிப்பாக மணல் ஏறி, ஆள் கனம் கனத்தது. "சும்மா இழுத்தா வராது தம்பி, உதறி மணல விட்டுட்டு இழுக்கணும்" என்றார். அடியில் கிடப்பவை பல வருஷத்துத் துணிகள். நைலக்ஸ் மக்காது. பாறையைப் போர்த்திக்கொண்டு கிடக்கும், அதன் மேல் பாசி பிடிக்கும், குளிக்கிறவன் காலில் சுற்றும். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு வேட்டி எடுத்தோம். எதுவும் என்னுடையது இல்லை. அல்லது எல்லாமே என்னுடையது மாதிரி இருந்தன. வேட்டியில் என்ன அடையாளம் இருக்கிறது?

பாபநாசம் நவகைலாயங்களில் முதலாவது. கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் முக்தி கேட்க, குரு ஒன்பது தாமரைப் பூக்களைப் பொருநை என்கிற இந்தத் தாமிரபரணியில் மிதக்கவிட்டு, அவை ஒதுங்குகிற இடங்களில் சிவனை வைத்து வணங்கச் சொன்னார். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, கடைசியாகச் சேர்ந்தபூமங்கலம். மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கிக் கடல் ஓரத்தில் முடிகிற வரிசை. கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது ஆற்றின் நல்ல வரைபடம். சரி, வேட்டி கிடைக்கவில்லை, பூ போன வழியிலாவது போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டுவிட்டுத்தான்.

தாமிரபரணிக்குத் தமிழ்நாட்டில் ஒரு தனி இடம் உண்டு. காவிரி, பாலாறு, பெண்ணையாறு எல்லாம் பக்கத்து மாநிலத்தில் பிறந்து வருகிறவை. இது பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிற வரை இந்த மாநிலத்தை விட்டு வெளியே போவதில்லை. அதனால் ஒரு வசதி, பழி போட அண்டை மாநிலம் கிடையாது. அணையைத் திறக்க மறுத்தார்கள், கழிவைக் கலந்தார்கள் என்று யாரையும் கை காட்ட முடியாது. செய்தது அத்தனையும் நாம்தான்.

இரண்டு பருவமழையும் இதற்குக் கிடைக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கே தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டைத் தாண்டிச் சிதறும். ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிற மேகம் அதே மலையில் முட்டிக் கொட்டும். வானிலைக் கணக்குப் பார்க்கிற பழக்கம் இருந்தால் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் பட்டிருக்கும். மாநிலத்திலேயே அதிக மழை என்று பட்டியலில் மேலே நிற்கும் இந்த மாஞ்சோலைப் பக்கத்து ஊர்களின் தண்ணீர்தான் மணிமுத்தாறாக இறங்குகிறது. மலையில் கொட்டுகிற இந்த மழை ஒரே நாளில் ஓடிப்போகாமல் சோலைக்காடும் புல்வெளியும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. சித்திரை வெயிலிலும் ஆறு ஓடுவதற்குக் காரணம் அந்தப் புல்தான், அணை அதற்குப் பிறகுதான். 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்ததில் புலிக்குக் கிடைத்த லாபத்தைவிட நெல்லுக்குக் கிடைத்த லாபம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

மலையிலேயே அணைகள் தொடங்கிவிடுகின்றன. காரையாற்றில் 143 அடி பாபநாசம் அணை, பக்கத்தில் 156 அடி சேர்வலாறு, இரண்டையும் இணைத்து ஒரு சுரங்கம். மணிமுத்தாற்றில் 1958-ல் கட்டிய 118 அடி அணை. எங்கள் வீட்டில் தினத்தாளைப் பிரித்தால் அப்பா முதலில் பார்ப்பது அரசியல் இல்லை, இந்த மூன்று எண்களுக்கு எதிரே எத்தனை அடி தண்ணீர் என்பதைத்தான். ஜூன் ஒன்றாம் தேதி கார் சாகுபடிக்குத் திறப்பார்களா, அடுத்த போகமான பிசானத்துக்கு நிற்குமா என்று அதை வைத்து ஒரு கணக்குப் போடுவார். அணைக்கு வந்த தண்ணீர் கீழே வரும். ஆனால் தண்ணீரோடு வர வேண்டிய மணல் அணைக்குள்ளேயே தங்கிவிடும். இதை அப்பா கணக்கில் சேர்த்ததில்லை. நானும் அந்த மணல் ஏறிய சேலையை இழுக்கிற வரை சேர்த்ததில்லை.

அடிவாரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்று வெள்ளைக்காரர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. குறுக்கே கல்லைப் போட்டு நீரை ஒரு பக்கம் ஒதுக்கி வாய்க்காலில் ஏற்றுவது, மிஞ்சியதை மேலே வழியவிடுவது, அவ்வளவுதான். சுமார் 86,000 ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. என் தொழில் பம்பு. கோயம்புத்தூரில் இருபது வருஷமாக அதில்தான் இருக்கிறேன். ஒரு சொட்டு டீசல் இல்லாமல் இவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் ஏற்றிய அந்த ஆள்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

கடனாநதி வந்து சேர்கிற திருப்புடைமருதூரில் ஒரு மணி நேரம் நின்றேன். கோயிலைச் சுற்றி நிற்கிற மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 2005-ல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். படித்துறையில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஒரு பாட்டி சோப்புப் போட்டுப் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். தப்பு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, முந்தாநாள் ஒரு முழு வேட்டியையே விட்டுவிட்டு வந்தவன்.

சேரன்மகாதேவி தாண்டிச் சுத்தமல்லிப் பக்கம் வந்தாலே நிறம் மாறத் தொடங்குகிறது. திருநெல்வேலி ஊருக்குள் ஆற்றைப் பார்க்க நல்ல இடம் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், கோயிலைத் தண்ணீருக்கு விட்டுவிடுவார்கள். வருகிற வெள்ளத்தைக் கிழித்து இரண்டு பக்கமும் அனுப்பத் தோணியின் முகப்பு மாதிரி சுவர் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. ஆறு வரும் போகும், நாம்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்து கட்டிய ஒரு கட்டடம். பக்கத்திலேயே, அது தெரியாமல் கட்டிய பல கட்டடங்களும் இருக்கின்றன.

2018 அக்டோபரில் மகாபுஷ்கரம் நடந்தபோது பன்னிரண்டு நாள் இந்தப் படித்துறைகளில் லட்சக்கணக்கில் ஜனம். அப்பாவும் அம்மாவும் போய் முழுகினார்கள். அன்று ஆரத்தி காட்டிய படித்துறைகளுக்குச் சற்றுத் தள்ளி, சாக்கடை வாய் ஒன்று ஆற்றில் திறந்திருந்ததை அப்பாவே ஃபோனில் சொன்னார். "அந்தத் தண்ணி வாற பக்கத்துக்கு மேல்பக்கமா போய்க் குளிச்சோம்" என்றார். அந்த மேல்பக்கம் இன்னொருத்தருக்குக் கீழ்பக்கம் என்பதை நான் சொல்லவில்லை, அவர் சந்தோஷமாக இருந்தார்.

சாக்கடை மட்டும் வந்தால்கூட ஓடுகிற ஆறு ஓரளவு சமாளிக்கும். அணைக்கட்டுக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கிற இடத்தில் சாக்கடையின் சத்தும் சேர்ந்தால் அமலைச்செடி அமோகமாக வளரும். ஊதாப் பூ, கொழுத்த இலை, பச்சைக் கம்பளம். ஆகாயத்தாமரை என்று அழகான பெயர் வேறு. உரோமசரின் பூ இப்போது வந்தால் அதற்குள் மாட்டிக்கொண்டு நகராது. அடியில் வெளிச்சமும் காற்றும் போகாமல் மீன் செத்துப்போகும். வருஷா வருஷம் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள், வருஷா வருஷம் வளர்கிறது. சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளுவது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற வேலை.

சிற்றாறு சீவலப்பேரியில் வந்து கலக்கிறது, குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் அது. அதற்குக் கீழே முறப்பநாடு. ஆறு இங்கே வடக்கு முகமாகத் திரும்புவதால் காசிக்குச் சமம் என்று முழுக வருவார்கள். நவகைலாயத்தில் ஐந்தாவது. இந்த ஊர்ப் பெயர் 2023 ஏப்ரலில் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை, பட்டப்பகலில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மணலுக்கு ஒரு விலை இருக்கும் என்றே தெரியாது. கோடையில் ஆறு ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும், மீதி முழுக்க வெள்ளை மணல். ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும். முதலில் கலங்கல், அதை இறைத்துவிட்டால் அடுத்தது தெளிவு. சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பி அம்மாவிடம் கொடுப்போம். இதே வேலையைப் பெரிய அளவில் செய்வதுதான் உறைகிணறு. ஆற்று மணலுக்குள் கிணறு இறக்கினால் மணலே வடிகட்டித் தரும், நாம் இறைத்தால் போதும். நெல்லை, தூத்துக்குடி மட்டுமல்ல, விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் வரை குடிப்பது இப்படி இறைத்த தண்ணீர். மணலை அள்ளிவிட்டால் மிஞ்சுவது களிமண்ணும் பாறையும். ஆற்றின் தரை கீழே போகும், கரைக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கும், வாய்க்கால் தலைமதகு மட்டும் மேலே அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைக் கும்பிடுகிறோம். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த மணலை லாரியில் ஏற்றிவிட்டோம்.

2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. வழக்குத் தொடுத்தவர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த நல்லகண்ணு, வயது எண்பதைத் தாண்டிய பிறகு நீதிமன்றத்தில் தானே நின்று வாதாடினார். அப்பாவுக்குக் கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே ஆகாது. அன்றைக்கு மட்டும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "மனுஷன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

ஸ்ரீவைகுண்டம் எட்டாவது அணைக்கட்டு, ஆறாவது பூ. இங்கிருந்து எங்கள் ஊர். தென்கால் பாசனம், கடம்பாகுளத்துப் பக்கம், வாழையும் நெல்லும். கடைமடை என்பதால் மேலே யார் எடுத்தாலும் முதலில் காய்வது நாங்கள். இந்த அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்குக் குழாய் போவதைப் பற்றி ஊரில் பேச ஆரம்பித்தால் டீக்கடை மூடுகிற வரை முடியாது. அணைக்கட்டுக்குள் மேடு தட்டிப்போனதைத் தூர்வார வேண்டும் என்பதற்கே பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

காய்வது மட்டும்தான் கடைமடையின் விதி என்று நினைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழையை ஒரு நாளில் கொட்டினால் எந்த ஆறும் குளமும் தாங்காது. குளக்கரைகள் உடைந்தன, தண்டவாளத்துக்கு அடியில் மண் போயிற்று, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. எனக்கு இரண்டு நாள் வீட்டோடு தொடர்பே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா பேசினார். வாழை போச்சு என்பதை இரண்டாவதாகத்தான் சொன்னார். முதலில் சொன்னது, 1992 வெள்ளத்துக்குச் சுவரில் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருக்கிறது, புதுக் கோடு போட்டுவிட்டேன் என்று. அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. பக்கத்தில் தேதியும் எழுதி, கீழே தன் கையெழுத்தும் போட்டிருக்கிறார், ரசீது மாதிரி.

தென்திருப்பேரையில் நிற்கவில்லை. ராஜபதியில் பழைய கோயிலையே வெள்ளம் கொண்டுபோய்விட்டது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. அதற்கப்புறம் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால், பிறகு உப்பளம். வெற்றிலையும் உப்பும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாலே கடல் எவ்வளவு கிட்ட என்று தெரிந்துவிடும். ஆற்றில் தண்ணீர் குறைகிற மாசங்களில் உப்பு மேலே ஏறி வரும்.

இந்த நிலமே ஆறு போட்டதுதான். பாண்டியர் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி வயல் நடுவில் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ வந்து இறங்கியது அந்தக் காயல். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆகி, கடைசியில் புன்னைக்காயல். மணலாலேயே ஊர்களைக் கடலை நோக்கி நகர்த்திய ஆறு. அந்த மணல் இப்போது பாதி அணைக்குள், பாதி யார் யார் வீட்டுச் சுவரிலோ. எங்கள் வீட்டு மாடியும் அதில் சேர்த்திதான், 1998-ல் கட்டினோம், மணல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சேர்ந்தபூமங்கலத்தில் கைலாசநாதரைப் பார்த்துவிட்டுப் புன்னைக்காயலுக்குப் போனேன். முகத்துவாரத்தில் மணல்திட்டு, படகு போக வழி தேட வேண்டியிருக்கிறது என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். வேண்டிய இடத்தில் இல்லாத மணல் இங்கே வேண்டாத இடத்தில். வலையில் என்ன வரும் என்று கேட்டேன். மீனைச் சொல்வார் என்று பார்த்தால், "மழ முடிஞ்ச கையோட பாத்தீங்கன்னா துணிதான் அண்ணாச்சி. சேல, வேட்டி, பிளாஸ்டிக்கு. வலய கிழிச்சிரும்" என்றார். என் வேட்டியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

போன வாரம் அம்மா கூப்பிட்டாள். தை அமாவாசைக்குப் பாபநாசம் போகணும், வண்டிக்குச் சொல்லிவிடு என்றாள். சொல்லிவிட்டேன்.

"வேட்டி எத்தன எடுத்துட்டு வார?"

"ரெண்டு. கட்டுறதுக்கு ஒண்ணு, மாத்துறதுக்கு ஒண்ணு."

"அப்போ விடுறதுக்கு?"

"ஈர வேட்டிய வைக்க ஒரு பை கொண்டு வாரேன்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பெரிய பையா கொண்டு வா, என் சேலையும் இருக்குல்லா" என்றாள்.